பேசாத அம்மாவுக்கு ஒரு செயின்சாக் கதை

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தால் வந்த வினை. அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தது பெரிய தப்பு.

போன புதன்கிழமை என் புது செயின்சாவைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மரம் அறுக்கிற மிஷின்தான், செயின் பூட்டிய ரம்பம். அத்தான் கட்டைவிரல் காட்டினார். அக்கா, "ஹெல்மெட் நல்லாருக்கு" என்றாள். அம்மா எழுதவில்லை. நேராகக் கூப்பிட்டாள்.

"யாரோடதுடா அது?"

"என்னோடதும்மா. கம்பெனி வாங்கிக் குடுத்திருக்கு. இனிமே நான் கிளை இழுக்கிற ஆள் இல்ல, மரம் வெட்டுற ஆள்."

"ரெண்டு கையோட அனுப்பினேன்," என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டாள்.

அதோடு சரி. அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் அக்காதான் எடுக்கிறாள். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அம்மாவின் கோபத்தை அந்தச் சத்தத்திலேயே அளந்துவிடலாம். இப்போது மூடியைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் வைக்கிறாள்.

"நீ எழுதி அனுப்பு, நான் படிச்சுக் காட்டுறேன்," என்றாள் அக்கா. "கதைன்னா கேட்பா. எவ்ளோ மோசமான கதையா இருந்தாலும் பாதியில எழுந்து போக மாட்டா. உனக்குத் தெரியாதா?"

அதனால் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதே கொஞ்சம் அதிகம். கட்டிலில் உட்கார்ந்து போனிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. பேசுகிற மாதிரியே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அது போன் பேசியது போல ஆகிவிடும். போனில்தான் அம்மா பேசுவதில்லையே. எனவே புத்தகத்தில் வருகிற மாதிரி 'ஆகவே', 'எனினும்' எல்லாம் போட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்துக் கட்டில்காரன் துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறான். அவன் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் விமர்சனம் வந்துவிடும்.

இந்தக் கதைக்கு ஒரே ஒரு வேலைதான். நாளைக் காலை நான் முதன்முதலாக நிற்கிற மரம் ஒன்றை வெட்டப் போகிறேன். அதற்குள் அம்மாவைப் பேச வைக்க வேண்டும். கையில் ஓடுகிற ரம்பமும் தலையில் பேசாத அம்மாவுமாக ஒரு மனிதன் மரத்தடியில் நிற்கக் கூடாது.

2

தொடக்கம்.

விடியற்காலைப் பனியில் அவன் ஒரே இழுப்பில் கயிற்றை இழுத்தான். காடே அதிர

(வேண்டாம். காடும் இல்லை, பனியும் இல்லை. நாங்கள் வெட்டுவது கார் நிறுத்துமிடத்து ஓரத்து மரங்களை. என் ரம்பம் ஒரே இழுப்பில் கிளம்பியதாகச் சரித்திரமும் இல்லை.)

இயந்திரம் என்பது மனிதக் கையின் நீட்சி. கை எங்கே முடிகிறதோ அங்கேதான்

(ஐயோ. இதை அக்கா அம்மாவிடம் சத்தமாகப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டவே வேண்டாம்.)

அவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது.

(அக்கா இந்த இடத்தில் சிரித்துவிடுவாள். படிப்பது நின்றுபோகும்.)

சரி, தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். நிறையப் பேர் அப்படித்தான் குடும்பமே நடத்துகிறார்கள்.

3

எங்கள் மரம் வெட்டும் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டப்போகிறவர் தன் ரம்பத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், தானே பழக்கவும் வேண்டும். பழகி முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். எங்கள் மேஸ்திரி அதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: "அடுத்தவங்க பழக்கின ரம்பம் மக்கர் பண்ணா அவங்களைத் திட்டலாம். நீயே பழக்கினா திட்ட ஆள் கிடையாது. அப்போதான் ஒழுங்கா பழக்குவே."

புதன்கிழமை காலை மேஸ்திரி என்னை ரம்பக் கடைக்குக் கூட்டிப் போனார். ஒரு வாரமாக நான் வீடியோ பார்த்துத் தயாராகியிருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்றெல்லாம் மனப்பாடம். கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோய், இருப்பதிலேயே பெரியதைக் கை காட்டினேன்.

கடைக்காரர் அதை எடுத்துக் கையில் கொடுத்தார். "வேலை பார்க்கிற மாதிரி பிடிங்க."

பிடித்தேன்.

"அப்படியே இருங்க. உள்ள ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

போனார். வரவில்லை. மேஸ்திரி சுவரில் மாட்டியிருந்த கையுறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைகள் முதலில் கனத்தன, பிறகு எரிந்தன, பிறகு தனியாக ஆட ஆரம்பித்தன.

"மேஸ்திரி, அவர் வரமாட்டாரா?"

"நீ கீழ வச்சா வருவாரு," என்றார் அவர், திரும்பாமலே.

வைத்தேன். வந்தார்.

அடுத்து நடுத்தரமான இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். வெட்கத்தை விட்டு, ஒரு வாரமாக உள்ளே கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "இதுல ரொம்பப் பத்திரமானது எதுங்க?"

"டப்பாவுக்குள்ள இருக்கிறதுதான்," என்றார் கடைக்காரர்.

சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். 'அவன் ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, ரம்பம் அவனைத் தேர்ந்தெடுத்தது' என்று இங்கே ஒரு வரி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கடையில் இருந்த எந்த ரம்பமும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையான காரணம் இதுதான்: முன்கைப்பிடிக்கு மேலே ஒரு தடுப்பு இருக்கும். ரம்பம் திடீரென்று மூக்கைத் தூக்கி முகத்தைப் பார்த்து வந்தால், அந்தத் தடுப்பு மணிக்கட்டில் மோதிச் செயினை அந்த நொடியே நிறுத்திவிடும். சாம்பல் ரம்பத்தில் அது என் மணிக்கட்டுக்கு மிகச் சரியான தூரத்தில் இருந்தது. (அக்கா, இந்த மூக்கு, முகம் வருகிற வரியைப் படிக்காதே.)

(இதுவரை அனுப்பினேன். வந்த பதில்கள்:

அத்தான்: எத்தனை சிசி?

அக்கா: மேஸ்திரி பொண்ணா? "கையுறை போட்டுப் பார்த்தார்"னு எழுதியிருக்கே, வயசு எழுதலை.

அத்தான்: தம்பி, சிசி?

அக்கா: படிக்காதேன்னு போட்டிருந்ததையும் சேர்த்துப் படிச்சுட்டேன். பழக்க தோஷம்.

அம்மா: )

4

மேஸ்திரி பெண்தான். என்னைவிட இளையவர்தான். என்னை 'எழுத்தாளரே' என்று கூப்பிடுவார், போனோடு நான் முணுமுணுப்பதைப் பார்த்து. இதற்கு மேல் அந்தப் பாத்திரத்தைப் பற்றி ஆசிரியரிடம் தகவல் இல்லை. அக்கா, நீ எந்தப் பக்கம் போகிறாய் என்று தெரிகிறது. திரும்பி வா.

வியாழக்கிழமை பழக்கத் தொடங்கினேன். கம்பெனி கொட்டகைக்குப் பின்னால் வெட்டிப்போட்ட அடிமரங்கள் குவிந்திருக்கும். அங்கே நானும் ரம்பமும் மட்டும்.

புது ரம்பத்தைப் பழக்குவது என்றால் பயந்து பயந்து மெதுவாக ஓட்டுவது என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு இயற்கையிலேயே திறமை உண்டு. ஆனால் அது அப்படி இல்லையாம். மரத்தில் வைத்து நன்றாக வேலை வாங்கலாம். காற்றில் சும்மா முழு வேகத்தில் அலறத்தான் விடக்கூடாது. முதல் சில டாங்க் பெட்ரோல் தீரும்வரை இந்தக் கட்டுப்பாடு. பெட்ரோலில் அதற்கான ஆயிலைச் சரியான அளவில் கலக்க வேண்டும். கலந்தேன். கலந்தேனா என்று சந்தேகம் வந்தது. கொட்டிவிட்டு மறுபடி கலந்தேன்.

அப்புறம் செயின். புது செயின் நீளும், அதுவும் முதல் நாள் ரொம்பவே நீளும். ஓடச் சூடாகும், சூடானால் தொய்யும், தொய்ந்தால் அது சுற்றி ஓடுகிற நீளத் தகட்டிலிருந்து கழன்றுவிடும். ஆகவே அடிக்கடி பார்த்து இறுக்க வேண்டும். இதைக் கேட்டதும் என் மனதுக்குள் இருக்கும் கவலைக்காரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

ஒரு துண்டு வெட்டுவேன், இறுக்குவேன். அரைத் துண்டு வெட்டுவேன், இறுக்குவேன். வெட்டாமல் நின்று பார்த்துவிட்டும் இறுக்கினேன். சாயங்காலம் வேலையை முடித்து, கொதிக்கக் கொதிக்க இருந்த செயினைக் கடைசியாக ஒரு தடவை நன்றாக இறுக்கி, துடைத்து, உறை போட்டு, அலமாரியில் வைத்தேன். பெருமையாக இருந்தது. நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு கச்சிதமாக இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை உறையைக் கழற்றிச் செயினைக் கையால் இழுத்தேன். நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தகட்டோடு ஒட்டி வார்த்த மாதிரி இருந்தது.

5

இந்த இடத்தில் கதாநாயகன் என்ன செய்வான்? நிதானமாக யோசிப்பான். 'ஆ!' என்று அவனுக்கு விளங்கும். தானே சரிசெய்வான். அப்படியொரு பத்தி எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் படிக்கப் படிக்க இவன் யார் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. இவ்வளவு நிதானமானவன் எங்கள் குடும்பத்தில் எப்படிப் பிறந்திருப்பான்?

நடந்தது வேறு. கொட்டகை வாசலில் நின்று, "மேஸ்திரி! செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

மேஸ்திரி ஓடி வந்தார். யார் செத்தது என்று சுற்றிப் பார்த்தார். பிறகு ரம்பத்தைப் பார்த்தார். தொடவில்லை, வழக்கம் அப்படி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன, பேச மாட்டேங்குதா?"

(அவருக்கு அம்மா விஷயம் தெரியாது. சத்தியமாக. எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது.)

"நேத்து நல்லாத்தான் ஓடுச்சு மேஸ்திரி."

"நேத்து எப்போ இறுக்கினே?"

"எப்பவும்."

"எப்பவும்னா?"

"விடாம இறுக்கிக்கிட்டே இருந்தேன். கடைசியா வைக்கும்போதும் இறுக்கினேன்."

"சூட்டோடயா?"

"சூட்டோடதான். தொய்ஞ்சுடுமோன்னு..."

மேஸ்திரி ஒரு அடிமரத்தில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சூட்டுல நீண்டதை இறுக்கிட்டே. ராத்திரி ஆறிச்சு, சுருங்கிடுச்சு. விடியற வரைக்கும் அது உன் தகட்டைக் கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுக்கிட்டு இருந்திருக்கு எழுத்தாளரே. இப்படியே நாலு நாள் வச்சிருந்தா உள்ள பேரிங்கும் போயிருக்கும். வேலை முடிஞ்சா தளர்த்தித்தான் வைக்கணும். தெரியாதா?"

"வீடியோவுல சொல்லலை."

"இதைச் செய்ற ஆள் இருப்பான்னு அவனுக்குத் தோணியிருக்காது."

தளர்த்தினேன். செயின் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டது. கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றியது. நல்லவேளை, எதுவும் கெடவில்லை. இருந்தாலும் அந்த நிமிடம் நான் சொன்னது இதுதான்: "வேற யாரையாவது பாருங்க மேஸ்திரி. நான் கிளையே இழுக்கிறேன்."

"மத்தியானத்துக்கு அப்புறம் சொல்லு," என்று எழுந்து போய்விட்டார்.

(இங்கே ஒரு பாடம் வரவேண்டும். 'எதையுமே அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தால்' என்று அது தொடங்கும். உடனே அம்மா, "யாரைச் சொல்றான்?" என்பாள். ஆகவே பாடம் இல்லை. நான் செயினைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.)

6

வெள்ளிக்கிழமை மதியம் நல்ல வெயில்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் நிறைய மரம் வெட்டினேன், வேறு ஒன்றும் விசேஷமாக

வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு சனிக்கிழமை வந்தது.

(தெரியாமல் இதையும் அனுப்பிவிட்டேன்.

அக்கா: வெள்ளிக்கிழமை என்னடா ஆச்சு?

நான்: ஒண்ணும் இல்ல.

அக்கா: ஒண்ணும் இல்லாததை மூணு தடவை ஆரம்பிப்பாங்களா? அம்மா கேட்கிறா. இல்ல, வாயால கேட்கல. கையில ஒரு தட்டை வச்சுக்கிட்டு நிக்கிறா. கீழ வைக்க மாட்டேங்கிறா.)

இந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோதே இந்தப் பகுதியை விட்டுவிடுவது என்றுதான் முடிவு. அம்மாவைப் பேச வைக்கிற கதையில் இது வரக் கூடாது. வந்தால் அடுத்த வருடம் வரை பேசமாட்டாள். ஆனால் இதை விட்டுவிட்டு மீதியை அவள் நம்பினால், அவள் சமாதானமாவது வேறு யாரோ ஒருவனிடம். இரண்டாம் பகுதியில் நான் அடித்துப்போட்ட அந்தப் பயமறியாதவனிடம். எனக்கு அது வேண்டாம்.

சொல்கிறேன். தட்டைக் கீழே வைம்மா.

காலையில் பட்ட அவமானத்தில் செயினை இந்தத் தடவை தேவைக்கு மேல் தளரவிட்டிருந்தேன். ஒரு பக்கம் விழுந்தவன் எழுந்து மறுபக்கம் விழுகிற ஆள் நான். ஒரு தடிமனான அடிமரத்தின் பாதியில் ரம்பம் இருந்தபோது ஒரு சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. செயின் தகட்டை விட்டுக் கழன்றது. கைப்பிடிக்குக் கீழே இதற்கென்றே ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டித் தொங்கியது. என் கையுறை மேல் கறுப்பாக ஒரு ஆயில் கோடு. அவ்வளவுதான். அதற்குக் கீழே கை இருந்தது. கையில் விரல்கள் இருந்தன.

நான் முதலில் செய்தது இஞ்சினை நிறுத்தியது. அடுத்து ரம்பத்தைத் தரையில் வைத்தது. மூன்றாவதாகத்தான் உட்கார்ந்தேன்.

மேஸ்திரி தூரத்திலிருந்து நடந்து வந்தார். கையுறையைக் கழற்றச் சொல்லிக் கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பயப்படாதவன் கையில நான் ரம்பத்தைக் குடுக்கவே மாட்டேன். உன்னைத் தேர்ந்தெடுத்ததே நீ பயந்தவன்னுதான்."

(அவர் இதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்தேன். இப்படி ஒருவர் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. அவர் உண்மையில் சொன்னது: "ஆறட்டும். ஆறினப்புறம் மாட்டு. செயினை நடுவுல பிடிச்சுத் தூக்கி விட்டா திரும்பிப் போய்த் தகட்டுல ஒட்டிக்கணும், கையால இழுத்தா சுலபமா ஓடணும். ரெண்டும் இருந்தா சரி." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நீ மெதுவா வெட்டுறே," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.)

ஆறியது. மாட்டினேன். நடுவில் தூக்கிப் பார்த்தேன், திரும்பிப்போய் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், ஓடியது. பாதியில் விட்ட வெட்டை முடித்தேன். அடுத்த மரம். அதற்கடுத்தது. இறுக்க வேண்டியபோது நிறுத்தி, ஆறவிட்டு இறுக்கினேன். மற்ற நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

எப்போது என்று தெரியவில்லை, ரம்பத்தின் சத்தம் மாறியிருந்தது. அதுவரை இருமிக்கொண்டே வந்தது, இருமலை விட்டுவிட்டு ஒரே சீராக மூச்சு விட்டது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கிளை இழுக்கும்போது நான் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே இழுப்பேன்: அப்பாவின் முட்டிவலி, அக்காவின் சம்பளம், அறைச் சாவி, இங்கே எத்தனை காலம், நான் பேசியது தப்பாகிவிட்டதா. ரம்பம் ஓடும்போது ரம்பத்தைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது. நினைக்கக் கூடாது. இந்த ஊருக்கு வந்த பிறகு என் தலைக்குள் அமைதியாக இருந்தது அந்த ஒரு மதியம்தான், அதுவும் காது அடைக்கும் சத்தத்துக்கு நடுவில்.

சாயங்காலம் மேஸ்திரி கேட்டார், "மத்தியானத்துக்கு அப்புறம் சொல்லுன்னேனே?"

"நான்தான் வெட்டுறேன்," என்றேன். பிறகு செயினைத் தளர்த்தினேன்.

7

முடிவுகள். மூன்று தயாராக இருக்கின்றன.

அம்மாவுக்கான முடிவு: அவன் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு அறைக்குள் உட்கார்ந்து பேனா பிடிக்கும் வேலைக்குப் போகிறான். இரண்டு கைகளும் பத்து விரல்களும் ஓய்வு பெறும்வரை அப்படியே இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று கதை சொல்வதில்லை.

அத்தானுக்கான முடிவு: ஐம்பது சிசி.

அக்காவுக்கான முடிவு: எழுத மறுக்கிறேன்.

எனக்கான முடிவு ஒன்றும் இல்லை, ஏனென்றால் மரம் இன்னும் நிற்கிறது. ஒரு பல் மருத்துவமனைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, காய்ந்துபோய். நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுற்றிவந்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். ஜன்னல் வழியே பல் பிடுங்கக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் ஒரே முகம்.

8

அனுப்பிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் வந்து, துணி மடித்து, தூங்கியும் விட்டான். பதில் இல்லை. அத்தானிடமிருந்துகூட இல்லை.

பிறகு அக்கா கூப்பிட்டாள்.

"படிச்சு முடிச்சுட்டேன்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தட்டைக் கீழ வச்சுட்டா. எடுத்துத் திரும்பக் கழுவுறா. இரு... ஏதோ கேட்கிறா." குரல் விலகிப்போய் மறுபடி வந்தது. "நாளைக்கு எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும் வெட்டுவேன்னு கேட்கிறா."

"ஏனாம்?"

"ஏன்னு கேட்கிறான்மா... அந்த நேரத்துல யாரும் உனக்குப் போன் பண்ணக் கூடாதாம். மணி அடிச்சா நீ திரும்பிப் பார்ப்பியாம். அத்தானுக்கும் இப்பவே சொல்லிட்டா."

"தெரியலக்கா. அது மரத்தைப் பொறுத்தது."

"தெரியலையாம்மா. மரத்தைப் பொறுத்ததாம்."

பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குழாய் நின்றது. அப்புறம் தூரத்திலிருந்து, அக்காவிடம் சொல்கிற மாதிரி, ஆனால் அக்காவுக்குத் தேவையானதைவிட நிறையச் சத்தமாக அம்மாவின் குரல்:

"அப்போ முடிச்சுட்டு அவனையே பண்ணச் சொல்லு."

இதைப் பேசியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் பேசவில்லை, என்னைப் பற்றி, நான் கேட்கும்படி பேசினாள். இலக்கணம் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லலாம்.

ஆகவே மரம் விழுவதை நான் எழுதப்போவதில்லை. விழும், அல்லது மேஸ்திரி வந்து விழவைப்பார். உங்களிடம் நான் விட்டுப்போவது அதற்கடுத்த நிமிடத்தைத்தான். நாளை, பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒருவன் ரம்பத்தை நிறுத்தி, கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, போனை எடுத்து அழுத்துகிறான். அங்கே மணி அடிக்கிறது. அக்கா கூடத்தில், அம்மா சமையலறையில், போன் இருவருக்கும் நடுவில் மேசைமேல்.

யார் எடுக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அம்மா, 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறேனே என்று பார்க்காதே. உன்னையும் சேர்த்துத்தான்.